முதுமலைச் செந்நாய் துணை தேடும் விதம்

[காட்சி: மசினகுடிப் பக்கம், காலை வெளிச்சத்தில் செந்நாய்க் கூட்டம்]

வணக்கம். வலிமையுள்ள ஆண் மற்ற ஆண்களை விரட்டிவிட்டுப் பெண்ணைக் கைப்பற்றும் என்பதே, காட்டு விலங்குகளின் இணைசேர்க்கை பற்றிப் பலருக்கும் உள்ள எண்ணம். இந்த எண்ணம் பரவியதில் ஓநாய் ஆய்வுக்கும் பங்கு உண்டு. 1947இல் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியவற்றிலிருந்தே கூட்டத்தை அடக்கி ஆளும் 'தலைமை ஓநாய்' என்ற கருத்து வலுப்பெற்றது. உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் விட்டால் அவை மோதிக்கொள்ளத்தான் செய்யும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் அருகிலிருந்து கவனித்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் விளக்கினார். வளர்ந்த பிள்ளை பிறந்த கூட்டத்தை விட்டு விலகி, அதைப் போலவே வேறு கூட்டத்திலிருந்து விலகி வந்த ஒன்றைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தைத் தமதாக்கிக்கொள்ளும்போது புதிய குடும்பம் தொடங்குகிறது.

இந்தியாவில் ஓநாய் பெரும்பாலும் சமவெளிப் புதர்க்காடுகளின் விலங்கு. நீலகிரியில் இத்தகைய குடும்ப வாழ்வைக் காண விரும்புவோர் செந்நாயைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் பல பெண்கள் இருந்தாலும், பொதுவாக ஒரு பெண்ணும் அதன் இணையும் மட்டுமே குட்டி ஈனுகின்றன. முதுமலையில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கூட்டங்களில் ஆண்களே அதிகம், பிறந்த இடத்தை விட்டுப் பெரும்பாலும் வெளியேறுபவை பெண்கள். உடன்பிறந்தவற்றோடு இணைசேராமல் தூரத்துக் காட்டுக்குப் போய்த் துணை தேடுவதால், துணைத் தேர்வின் முதல் பாதி வெளியேறும் முடிவிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் கருதுகிறேன்.

[காட்சி: வளை வாயிலில் குட்டிகள்]

சினைக்காலம் ஏறக்குறைய இரண்டு மாதம். குட்டிகள் பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பிறக்கின்றன. புள்ளிமானை வீழ்த்தித் தின்றுவிட்டு வளைக்குத் திரும்பும் செந்நாயைக் குட்டிகள் சூழ்ந்துகொண்டு அதன் வாயை நக்கும். அது உடனே தலையைத் தாழ்த்தி, வயிற்றிலிருந்து இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். அப்படிக் கக்குவது தாயோ தந்தையோ மட்டுமன்று. அண்ணன்மாரும் சித்தப்பன்மாரும்கூட அதையே செய்கின்றன. தாய்க்கும் அவ்வாறே உணவு வருகிறது. ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள்கூடப் பிறக்கக்கூடிய விலங்குக்கு இத்தனை வாய்களையும் தனியே நிரப்புவது அரிது. இணை பிரியாமல் இருப்பதற்கும் கூட்டம் கலையாமல் இருப்பதற்கும் இந்த வளர்ப்பு வேலை ஒரு முக்கியக் காரணம்.

அந்த வேலையில் ஆணுக்குப் பங்கில்லாத இடத்தில் பெரும்பாலும் பிணைப்பும் இல்லை. முக்கூர்த்திப் புல்வெளிகளின் வரையாடு இதற்குச் சான்று. முதிர்ந்த கிடாய்கள் ஆண்டின் பெரும்பகுதி பெண்களிடமிருந்து விலகித் திரிந்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மந்தையைத் தேடி வந்து, ஒன்றோடொன்று கொம்பு மோதிப் போட்டியிட்டு இணைசேர்ந்தபின் போய்விடுகின்றன. ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துப் பிறக்கும் குட்டியை வளர்ப்பது தாய் மட்டுமே.

[காட்சி: கூடலூர்ச் சரிவு, மரப்பொந்தில் இருவாச்சி]

கூடலூர்ப் பக்கத்து மலபார் சாம்பல் இருவாச்சிப் பறவையோ இதற்கு நேர்மாறு. பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. உள்ளேயே அதன் பறக்கும் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஏறக்குறைய மூன்று மாதம் ஆண் விழுங்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியாக ஊட்டுகிறது. அந்த ஆண் வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டால் பொந்துக்குள் இருக்கும் பெண்ணும் குஞ்சுகளும் பட்டினியில் விழுகின்றன. நன்றாகப் பிணைந்த இணையும்கூட, முதிய மரங்கள் வெட்டப்பட்ட சரிவில் கூடு வைக்க இயலாது. ஏனெனில் இருவாச்சிக்குத் தானே மரத்தைக் குடையத் தெரியாது.