நின்றால் என்ன, நிற்காமல் ஓடினால் என்ன: முதல் பவளத் தொட்டிக்குக் கருவி தேர்வு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கருவி நல்லது?" என்றுதான். அதைவிட உதவக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்தக் கருவி நள்ளிரவில் நின்றுபோனால் தொட்டியில் என்ன நடக்கும்? நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்? பவளம் இடம்விட்டு நகர முடியாத உயிர். உப்பும் வெப்பமும் மாறினால் அதற்கு ஒதுங்க வழி கிடையாது. அதனால்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறனைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்கிறேன்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். சிறிய தொட்டி எளிது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 40 லிட்டரில் நடக்கும் ஒரு தவறு 200 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்காகக் கரைந்துவிடும். முதல் தொட்டிக்கு 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 45 உயரம் நல்ல அளவு. கணக்குப்படி 225 லிட்டர். பாறையும் மணலும் இடம் பிடித்த பிறகு ஏறக்குறைய 200 லிட்டர் நீர் நிற்கும். உயரத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது. அகலம் இருந்தால் பாறையை அடுக்கவும், அடியில் கைவிட்டுத் துடைக்கவும் வசதி. விளக்கின் ஒளியும் அடிவரை எட்டும். நீர், கண்ணாடி, பாறை, தாங்கி, கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டி எல்லாம் சேர்ந்தால் எடை 400 கிலோவை நெருங்கும். தாங்கி மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றுங்கள். மேலே கண்ணாடி மூடி வேண்டாம். வெப்பம் அடைபடும், காற்றுப் பரிமாற்றம் குறையும். வலை மூடி போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். கோபி, ராஸ் போன்ற மீன்கள் துள்ளி வெளியே விழும்.

அடுத்து நீர். பலர் கடைசியில் வாங்கும், நீரில் கரைந்திருப்பதை நீக்கித் தூய நீர் தரும் ஆர்ஓ டிஐ கருவியை முதலில் வாங்குங்கள். குழாய் நீரில் வரும் பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கேட் மூன்றும் பாசிக்கு உரம். செம்பு சிறிதளவு வந்தாலும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. கருவியில் வண்டல் வடிகட்டி, கார்பன், ஆர்ஓ சவ்வு, கடைசியில் டிஐ பிசின் என்று நான்கு கட்டங்கள் இருக்க வேண்டும். குடிநீருக்காக வீட்டில் வைத்திருக்கும் ஆர்ஓ போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதில் டிஐ கட்டம் இராது. பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். சவ்வு கரைபொருளில் சுமார் 96 முதல் 98 சதவீதத்தை நிறுத்தும். மிச்சத்தைப் பிசின் பிடிக்கும். கடைசியில் வரும் நீரில், கரைபொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 1 அல்லது 2 காட்டத் தொடங்கினால் பிசின் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். நீரழுத்தம் 4 பார் அளவுக்கு இல்லையென்றால் கழிவுநீர் கூடும், நல்ல நீர் குறையும். அங்கே பூஸ்டர் பம்ப் வேண்டும்.

உப்பு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் பிடிக்கும். வகைக்கு வகை மாறுபடும், அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். தனிப் பீப்பாயில் முதலில் நீர், பிறகு உப்பு. உப்பின் மேல் நீரை ஊற்றினால், செறிவு மிகுந்த அந்த நேரத்தில் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. சிறிய பம்ப் ஒன்றைப் போட்டுச் சில மணி நேரம் சுழலவிடுங்கள். உப்பளவு ஆயிரத்துக்கு 35. 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. அளக்க, ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளின்மேல் சிறு குமிழ் ஒட்டினாலே உப்பு அதிகம் என்று பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்கத் தூய நீர் மட்டும் போதாது; 35 அளவுள்ள சரிபார்ப்புக் கரைசல் ஒரு புட்டி சேர்த்து வாங்குங்கள். 0-ல் சரியாகக் காட்டும் கருவி 35-ல் தவறாகக் காட்டலாம்.

இனி, ஆவியாவது. நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு 3 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35 இருந்த உப்பு 39-ஐத் தாண்டும். ஈடு செய்ய ஊற்ற வேண்டியது உப்புநீர் அல்ல, தூய நீர். இந்த வேலையைத் தானாகச் செய்வது ஆட்டோ டாப்-அப்: ஒரு சென்சார், ஒரு சிறு பம்ப், ஒரு நீர்க்கலன். இங்கே நம் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நின்றால் உப்பு மெல்ல ஏறும்; ஓரிரு நாளில் கண்ணில் படும். நிற்காமல் ஓடினால் கலன் முழுதும் தொட்டிக்குள் போய்விடும். கலன் 60 லிட்டர் என்றால் உப்பு 35-லிருந்து 27-க்கு விழும்; பவளம் தாங்காது. 10 லிட்டர் என்றால் 33-க்குச் சற்று மேலே நிற்கும், பிழைத்துக்கொள்ளும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்புகிற சிரமம் இருந்தாலும் சிறிய கலனையே வையுங்கள். சென்சார் இரண்டு இருக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்: ஒன்று மட்டத்தைக் காக்க, மற்றொன்று அதற்குச் சற்று மேலே இருந்து பம்பை நிறுத்த. நீர் விடும் குழாயின் முனை நீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் சைஃபன் பிடித்து, அதாவது பம்ப் ஓடாமலே குழாய் வழியே நீர் இழுபட்டு, கடல்நீர் கலனுக்குள் திரும்பிவிடும்.

வெப்பம் 25 அல்லது 26 டிகிரியில் நிலையாக இருக்கட்டும். ஹீட்டர் கெடும்போது அதன் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு அணையாமலே எரிவது உண்டு. 300 வாட் ஹீட்டர் அப்படி மாட்டிக்கொண்டால், வெளியேறும் வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால், 200 லிட்டர் நீர் மணிக்கு 1.3 டிகிரி ஏறும். ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பதில் 100 வாட் ஹீட்டர் இரண்டு வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் ஏற்றம் மணிக்கு அரை டிகிரிக்குள்தான், அதிலும் பெரும்பகுதி அறைக்குப் போய்விடும். ஒன்று அணைந்துபோனால் மற்றது தாங்கும். இரண்டையும் வெளியே ஒரு தனி கன்ட்ரோலர் வழியாக இணைத்து, ஹீட்டரின் சொந்த அளவை அதைவிட ஒரு டிகிரி கூட வைத்தால் பூட்டுக்கு மேல் பூட்டு. அறையே சூடாக இருக்கும் இடத்தில் சிக்கல் தலைகீழ். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் சிறு விசிறிகள் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் ஆவியாதல் கூடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பலனும் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும்.

சம்ப் என்பது தொட்டிக்கு அடியில் வைக்கும் இரண்டாவது தொட்டி. ஹீட்டரும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அதில் மறைந்துகொள்ளும், மொத்த நீரும் கூடும். ஆனால் தரை நனைவது பெரும்பாலும் இதனால்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மேல்தொட்டியிலிருந்து நீர் வழிந்து இறங்கும், ரிட்டர்ன் பம்ப் திருப்பி ஏற்றும். மின்சாரம் போனதும் பம்ப் நிற்கும். அப்போது வழிவாய் மட்டம் வரை உள்ள நீர் இறங்கும்; ரிட்டர்ன் குழாயின் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை நீர் சைஃபனாகத் திரும்பி இறங்கும். நம் அளவுத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 5 லிட்டர். குழாயின் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 25 லிட்டர் கீழே வரும். சம்ப் ஓடும்போது அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். குழாயில் சைஃபனை உடைக்கச் சிறு துளை போடுவார்கள்; நல்லதுதான், ஆனால் பாசி அடைத்துவிடும். அதை நம்பாமல் குழாயின் வாயையே நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே வையுங்கள். வழிவாய்க்குக் கண்ணாடியில் துளையிட்ட தொட்டியாகவே வாங்குங்கள். விளிம்பில் தொங்கும் சைஃபன் வகை, காற்று புகுந்து சைஃபன் விட்டால், பம்ப் ஏற்றிக்கொண்டே இருக்கும், மேலே வழியும். துளையிட்டதிலும் ஒரு குழாய் போதாது. நத்தை ஒன்று போய் அடைத்தால் அதோடு சரி. அவசரத்துக்கு இரண்டாவது குழாய் ஒன்று சற்று உயரத்தில் இருக்கட்டும். ரிட்டர்ன் பம்ப் தொட்டியின் நீரை மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை சுற்றினால் போதும். ஏற்றும் உயரம் கூடக்கூடப் பம்ப் தள்ளும் நீரின் அளவு குறையும் என்பதால், பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் அதன் உயர வரைபடத்தைப் பாருங்கள்.

தொட்டிக்குள் நீரை அசைப்பது வேறு வேலை, அதற்கு வேவ்மேக்கர். மென்பவளங்களும் பெரிய வாய் கொண்ட பவளங்களும் இருக்கும் தொட்டிக்கு மொத்த நீரோட்டம் மணிக்கு 4,000 முதல் 6,000 லிட்டர் போதும். கிளைப்பவளங்களுக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும், ஆனால் அவை முதல் ஆண்டுக்கானவை அல்ல. ஒரே பெரிய பம்பைவிடச் சிறியது இரண்டு நல்லது: எதிரெதிர் பக்கங்களில் வைத்தால் ஓட்டங்கள் மோதிக் குழம்பும், பவளத்துக்கு அதுதான் பிடிக்கும், ஒன்று நின்றாலும் மற்றது மேல்நீரைக் கலக்கும். வாங்கும்போது காந்தப் பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடிக்கு என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு படிந்த பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். மின்சாரம் போய் வந்தபின் கிளம்பாது.

புரோட்டீன் ஸ்கிம்மர் நுண்குமிழ்களை நீருக்குள் செலுத்தி, குமிழின் மேல் ஒட்டிக்கொள்ளும் கரிமக் கழிவை நுரையாக மேலே தள்ளும். உப்புநீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்பதால்தான் இது வேலை செய்கிறது. சம்பில் அது நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்குத் தடுப்புக் கண்ணாடி வையுங்கள். புதிதில் சில நாள் நுரை ஒழுங்காக வராது. பவளத்தை ஒட்டும் பசையைப் புதிதாகப் பயன்படுத்திய நாளில் பொங்கி வழியும். அன்று மட்டும் நுரை சேரும் கோப்பையை உயர்த்திவிடுங்கள்.

விளக்கில்தான் பலர் அளவுக்கு மீறிச் செலவிடுகிறார்கள். வாட், லுமென் இரண்டும் இங்கே வழிகாட்டாது. லுமென் மனிதக் கண்ணுக்கான அளவு. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு எவ்வளவு ஒளி எட்டுகிறது என்பதைப் பிஏஆர் என்ற அளவு சொல்லும். மென்பவளங்களுக்கு 50 முதல் 150, கிளைப்பவளங்களுக்கு 200 முதல் 350. 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி வலுவாக உள்ள எல்இடி வாங்குங்கள். சதுரமான விளக்கு ஒன்று பொதுவாக 60 சென்டிமீட்டர் பரப்புக்குத்தான் ஒழுங்காகப் பரவும். நம் தொட்டிக்கு இரண்டு வேண்டும். பிரகாசத்தைக் குறைக்க வசதி இருப்பது கட்டாயம். 30 அல்லது 40 சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுங்கள். ஒளி குறைந்தால் பவளம் பழுப்பாகும், அதைத் திருத்தலாம். மிகுந்தால் வெளுத்துவிடும், சில திரும்புவதில்லை.

பாறையைப் பாறை என்று நினைக்காதீர்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களின் வீடு அது. நுண்துளை மிகுந்தது என்றால் 15 முதல் 20 கிலோ போதும். மணலுக்கு முன் பாறையை அடிக்கண்ணாடியில் உட்காரவையுங்கள். மணலைத் தோண்டும் மீன்கள் அடுக்கைச் சரித்துவிடும். மணல் 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன், 3 சென்டிமீட்டர் உயரம், சுமார் 20 கிலோ. அதைவிட மாவாக இருந்தால் வேவ்மேக்கர் கிளப்பிவிடும். சோதனைப் பெட்டிகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை ஐந்தும் முதலில். கால்சியமும் மக்னீசியமும் கல்எலும்புப் பவளம் வந்தபின் போதும். காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) என்றால் அங்கேயே நிற்கட்டும். சரியான எண்ணைத் துரத்துவதைவிட ஒரே எண்ணில் வைத்திருப்பது முக்கியம்.

மின்சாரத்துக்கு வருவோம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல இங்கேதான் பலர் சுருக்குகிறார்கள். உப்புநீரில் கைவிடும் இடம் இது. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் எதையும் சொருகாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றிலேயே மாட்டினால், ஒரு பழைய பம்ப் கசிந்தாலும் தொட்டி முழுதும் நின்றுவிடும். இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு ஹீட்டர், ஒரு வேவ்மேக்கர், ஸ்கிம்மர் ஒரு பக்கம், மற்ற ஹீட்டர், மற்ற வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் மறுபக்கம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும். ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கிவையுங்கள்.

கால்சியம் ரியாக்டர், ஓசோன், யுவி, டோசிங் பம்ப் எதுவும் இப்போது வேண்டாம். குறையும் தாதுக்களை ஈடுசெய்ய வாரம் 10 சதவீத நீர் மாற்றம் போதும். அந்தப் பணத்தில் 40 லிட்டர் தனித்தொட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், சிறிய ஹீட்டர், மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள் வாங்குங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தரும் செம்பு மருந்து பவளத் தொட்டிக்குள் போகவே கூடாது. மீனை அங்கே வைத்துத்தான் வைத்தியம் செய்ய முடியும்.

எல்லாம் பொருத்தியபின், உயிர் எதையும் விடுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் மெயின் சுவிட்சை அணையுங்கள். சம்பில் நீர் ஏறி நிற்கும் இடத்தைக் குறித்து ஒரு கோடு போடுங்கள். மறுபடி போட்டு எல்லாப் பம்புகளும் தாமாகக் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு ஆர்சிடியை மட்டும், அடுத்து மற்றதை மட்டும். டாப்-அப்பின் கீழ் சென்சாரை மட்டும் தண்ணீரிலிருந்து உயர்த்திப் பிடித்து, மேல் சென்சார் பம்பை நிறுத்துகிறதா என்று பாருங்கள். இவை தேறினால், பாறையில் பாக்டீரியா பெருகுவதற்காக, விளக்கைப் போடாமல் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா சேருங்கள். அது 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் 0 காட்டும் நிலை வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அன்று ஒரு பகுதி நீரை மாற்றிவிட்டு, முதல் மீனை, நோய் இருக்கிறதா என்று பார்க்க, தனித்தொட்டியில் விடலாம்.