பனி நரிக்குக் குளிர் பெரிய கவலை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆர்க்டிக் நரி என்றதும், வெண்பனி நடுவே நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு சின்ன உயிர்தான் பலருக்கும் மனதில் வரும். பாவம், எப்படித்தான் தாங்குகிறதோ என்று நினைப்போம். உண்மையில் அந்த நரி குளிரைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. அதன் கவலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். எடை மூன்று, நான்கு கிலோதான். உடம்பு சிறுக்கச் சிறுக்க சூடு வேகமாகப் போய்விடும்; அந்தக் கணக்குப்படி துருவத்தில் இது பிழைத்திருக்கவே கூடாது. காப்பாற்றுவது ரோமம். குளிர்கால ரோமத்தில் பெரும்பகுதி, தோலை ஒட்டி அடர்ந்து கிடக்கும் மெல்லிய உள்மயிர். அதற்குள் சிக்கிக்கொண்ட காற்று வெளியே போவதில்லை, சூடும் போவதில்லை. அலாஸ்காவின் பாயிண்ட் பாரோவில் ஷோலாண்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த நரிகளைக் குளிரில் வைத்து அளந்து, 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸிலும், உடம்பைச் சூடாக வைக்க நரி கூடுதலாக எதையும் செலவழிக்கவில்லை. வெப்பமண்டல விலங்குகளோ சாதாரணக் குளிருக்கே நடுங்கத் தொடங்கின.

குட்டைக் காது, குட்டை மூக்கு, குட்டைக் கால் எல்லாம் சூடு வெளியேறும் பரப்பைக் குறைக்கத்தான். படுக்கும்போது சுருண்டு, புசுபுசுவென்ற வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது பாத விஷயம். நாள் முழுக்கப் பனிக்கட்டிமேல் நடக்கிற பாதம் உறைந்துபோக வேண்டுமே? பாதத்துக்குப் போகும் சூடான ரத்தமும், அங்கிருந்து திரும்பி வரும் குளிர்ந்த ரத்தமும் அருகருகே இருக்கும் குழாய்களில் ஓடுகின்றன. போகிற வழியிலேயே சூடு கைமாறி உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. பாதத்துக்குக் கிடைப்பது, உறையாமல் இருக்கத் தேவையான அளவு மட்டும். 1972இல் வெளியான ஓர் ஆய்வில், மைனஸ் 35 டிகிரி குளிர்ந்த திரவத்தில் பாதத்தை வைத்தபோதும் அது ஏறக்குறைய மைனஸ் 1 டிகிரியிலேயே நின்றது. அதாவது, சதை உறையும் நிலைக்குச் சற்றே மேலே. பாதத்தைச் சூடாக வைத்திருப்பதில்லை, உறையவும் விடுவதில்லை. என்ன ஒரு சிக்கனம்!

நிறம் மாறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. ஆனால் வெள்ளையே ஆகாமல் ஆண்டு முழுக்கக் கருமையாகவே இருக்கும் வகையும் உண்டு. ஐஸ்லாந்தின் கடலோரப் பாறைகளில் அதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

சரி, அந்தக் கவலைக்கு வருவோம். பசி. பல இடங்களில் இதன் முக்கிய இரை லெம்மிங் என்னும் எலி போன்ற சிறு பிராணி. அது பனிக்கு அடியில் ஓடும் சத்தத்தைக் கேட்டு, எகிறிக் குதித்துத் தலைகீழாகப் பனிக்குள் பாயும் நரி. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங் பெருகும், அப்புறம் திடீரெனச் சரியும். பெருகிய ஆண்டில் ஒரே ஈற்றில் பத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறப்பதுண்டு. சரிந்த ஆண்டில் பல நரிகள் குட்டியே போடுவதில்லை. கோடையில் வாத்து முட்டைகளைத் தூக்கிவந்து மண்ணில் புதைத்துவைக்கும். குளிர்காலத்தில் பனிக்கரடியின் பின்னாலேயே போய், அது தின்று மிச்சம் வைத்த சீல் இறைச்சியைப் பொறுக்கும்.

அதுவும் இல்லையென்றால், நடக்கும். நார்வே துருவ ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஓர் இளம் பெண் நரி, 2018 மார்ச் 26 அன்று நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை விட்டுக் கிளம்பியது. கடல் பனியில் நடந்து 21 நாளில் கிரீன்லாந்து. ஜூன் 10 அன்று கனடாவின் எல்ஸ்மியர் தீவு. 76 நாளில் 3,506 கிலோமீட்டர்! கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் ஒரே நாளில் 155 கிலோமீட்டர் கடந்திருக்கிறது. இந்த வழி முழுக்கக் கடல் உறைந்திருப்பதை நம்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடல் பனி குறையக் குறைய, ஸ்வால்பார்டு நரிகள் மற்ற நரிகளிடமிருந்து துண்டிக்கப்பட்டுவிடலாம்.

வெப்பம் கூடுவதால் வரும் இன்னொரு தொல்லை செந்நரி. ஆர்க்டிக் நரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. வடக்கே ஏறி வந்து வளையையும் இரையையும் பிடுங்கிக்கொள்கிறது, சில சமயம் கொன்றும் விடுகிறது. முன்பு செந்நரியைத் தள்ளிவைத்திருந்ததே அந்தக் குளிரும் இரைத் தட்டுப்பாடும்தான்.

உலக அளவில் இந்த இனத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. ஸ்காண்டிநேவிய மலைகளில் மட்டும் கதை வேறு. ரோமத்துக்காக வேட்டையாடியே அங்கே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்வீடன் 1928இல், நார்வே 1930இல், பின்லாந்து 1940இல் வேட்டைக்குத் தடை போட்டும் எண்ணிக்கை ஏறவில்லை. பிறகு நார்வே கூண்டில் வளர்த்த குட்டிகளை மலைகளில் விடத் தொடங்கியது. அங்கங்கே தீவனப் பெட்டிகளும் வைத்தார்கள். சின்ன நரி நுழையலாம், செந்நரியின் உடம்பு நுழையாது, வாசல் அந்த அளவு. இப்போது எண்ணிக்கை ஏறிவருகிறது. பின்லாந்தில் 1996க்குப் பிறகு முதல்முறையாக 2022இல் காட்டிலேயே குட்டிகள் பிறந்தன, அதுவும் அப்படியொரு தீவனப் பெட்டி வைத்திருந்த பகுதியில்.

நன்றி, வணக்கம்.