ஓபிஜி படத்தில் கறுப்புப் பட்டை ஏன் விழுகிறது?

திருகோணமலையில் எக்ஸ்ரே பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கச்சி, இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "நாங்கள் எடுக்கிற ஓபிஜி படங்களில் மேல் பற்களின் வேருக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டை வருகிறது. சில படங்களில் முன்பற்கள் ஒடுங்கித் தெரிகின்றன. மெஷினில் பிழையா?"

மெஷினில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு, தங்கச்சி. இரண்டுமே ஆளை நிறுத்துகிற விதத்தில் வருவது.

கறுப்புப் பட்டை காற்று. நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அந்தக் காற்று மேல் வேர்களின் நுனியில் கறுப்பாக விழுந்து மறைத்துவிடும். "நாக்கை மேலே வையுங்கோ" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், படம் எடுக்க வந்தவரும் வைத்திருப்பார். ஆனால் நுனியை மட்டும். நமக்கு முழு நாக்கும் ஒட்ட வேண்டும். அதனால் உதட்டை மூடி எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது நாக்கு தானாகவே அண்ணத்தில் போய் ஒட்டும். "இப்ப இருக்கிற மாதிரியே வைத்திருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். மெஷினுக்குள் தலையை வைத்த பிறகு இதைப் பழக்குவது கஷ்டம். கதிரையில் காத்திருக்கும்போதே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது மிகவும் உதவும்.

அப்புறம் முன்பற்கள். படம் தெளிவாக விழுகிற பகுதி முன்பக்கத்தில் மிக ஒடுக்கம், சில மில்லிமீற்றர்தான். கடிக்கிற குச்சியில் ஒரு பள்ளம் இருக்கிறதே, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நுனிக்கு நுனி அதில் உட்கார வேண்டும். பள்ளத்தைத் தாண்டி முன்னே கடித்தால் பற்கள் ஒடுங்கும், பின்னே நின்றால் அகலும். சொன்னால் போதாது, குனிந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

நாடி (மோவாய்) தாழ்ந்தால் பல்வரிசை பெரிய சிரிப்புப் போல வளையும். உயர்ந்தால் தட்டையாகி, அண்ணத்தின் நிழல் மேல் வேர்களில் விழும். கண்குழியின் கீழ் ஓரமும் காதுத் துவாரத்தின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. கூன் விழ நின்றால் கழுத்து முள்ளந்தண்டு படத்தின் நடுவில் வெள்ளையாக வரும்; கைப்பிடியைப் பிடித்து ஒரு அடி முன்னே வைத்து நிமிரச் சொல்லுங்கள்.

தோடு, மூக்குத்தி, பொய்ப்பல் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு காதுத் தோட்டின் நிழல் மறுபக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாக மங்கலாக விழும். கிண்ணியா, மூதூரிலிருந்து வருகிற பெண்களிடம் முக்காட்டு ஊசியையும் கேளுங்கள். கதவைச் சாத்தி, ஆறுதலாகக் கழற்ற நேரம் கொடுங்கள். திருகுத் தோட்டை அவசரத்தில் கழற்ற முடியாது.

இன்னொன்று. பட்டை விழுந்துவிட்டது என்பதற்காக உடனே திரும்ப எடுக்காதீர்கள். டொக்டர் கேட்டது கீழ் ஞானப்பல் என்றால், அது தெளிவாக இருந்தால், அந்தப் படமே போதும். மேல் வேர்தான் வேண்டுமென்றால் அவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு பல்லுக்குச் சின்னப் படம் எடுத்தாலே சரியாகிவிடலாம்.