கூப்பிடத் தெரிஞ்சா பத்தாது, நிறுத்தவும் தெரியணும்

வணக்கம் நேயர்களே. இங்க அமெரிக்காவுல, மிசோரி மாநிலத்துல, ஏப்ரல் வந்தா காட்டு வான்கோழி வேட்டை சீசன். பண்ணை வான்கோழிய மனசுல வச்சுக்காதீங்க, அது ஆடி அசைஞ்சு நடக்கும், இது மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும், ராத்திரி மரத்துல ஏறி அடையும்.

அதனால மொத நாள் சாயங்காலமே எங்க அடையுதுன்னு பாத்து வச்சுக்கணும். விடியறதுக்கு முன்னாடி போய் ஆந்தை மாதிரி ஒரு குரல் குடுத்தா போதும், சேவல் பொறுக்காம கத்தித் தானே எடத்தக் காட்டிக் குடுத்துடும். அங்கருந்து ஒரு 100, 150 கஜம் தள்ளி, உங்க தோள விட அகலமான மரமா பாத்து சாஞ்சுக்குங்க, பின்னால வர்ற இன்னொரு வேட்டைக்காரன் தெரியாம சுட்டாலும் முதுகு தப்பிக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் கர்ச்சீப்ல கூட வேணாம், சேவல் தலையும் அதே கலர்தான்.

இனிமே கூப்பிடுறது. சின்ன மரப்பெட்டி, மூடிய உரசினா பெட்டைக் குரல் வரும். இங்கதான் முக்காவாசிப் பேர் கெடுத்துக்கறது. காட்டுல சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும், நாம அத தலைகீழா நடத்தப் பாக்கறோம், ஓயாம கூப்பிட்டீங்கன்னா அது 'சரி, அவளே வர்றா'ன்னு தோகைய விரிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கும். பதில் வந்துச்சா, பெட்டிய கீழ வைங்க. சத்தமே இல்லன்னா அதுக்கு இருப்பு கொள்ளாது.

சுடறது ஷாட்கன்லதான், சின்னச் சின்னக் குண்டா சிதறுற துப்பாக்கி, 40 கஜத்துக்குள்ள வந்தப்புறம் தலை கழுத்தப் பாத்து. உடம்புல சுட்டா காயத்தோட ஓடி எங்கயாவது செத்துக் கிடக்கும், அது பாவம். நெஞ்சுல குதிரமுடி மாதிரி தாடி தொங்குதான்னும் பாருங்க, வசந்தகால சீசன்ல தாடி இல்லாதத சுடக்கூடாது. ஒரு காலத்துல இந்தப் பறவை அழியப் பாத்துச்சு, 1950கள்ல பெரிய வலைய வெடி வச்சுப் பறக்கவிட்டு அதுங்க மேல போத்தி உயிரோட புடிச்சு வேற வேற காட்டுல விட்டுத்தான் திரும்பப் பெருகுச்சு, அதான் ரூல்ஸ் இவ்ளோ கறார்.

மோப்பம் அதுக்குக் கம்மி, கண்ணுதான் பொல்லாதது. என் மொத சீசன்ல ஒண்ணு 60 கஜம் வரைக்கும் வந்துடுச்சு, அந்த நேரம் பாத்து மூக்கு மேல கொசு, மெதுவாத்தான் கையத் தூக்குனேன், 'புட்'னு அது ஒரு எச்சரிக்கைச் சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான், ஆளக் காணோம். கொசுவும் தப்பிச்சுடுச்சு.