தள்ளாமலே உயரும் ஊஞ்சல்: ஏஐ செய்த தனி ஊசலும் ஒரு இரும்பு நட்டும்

(திரையில்: ஜன்னல் கம்பியில் தொங்கும் நூல், நுனியில் நட்டு)

வணக்கம். பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். தனி ஊசல் பாடத்துக்கு ஏஐ உதவியாளரிடம், திரையில் ஊசலை ஆட்டிக் காட்டும் ஒரு கருவி செய்து வாங்கினேன். நான் கேட்டது இவ்வளவுதான்:

"ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு. இணையம் இல்லாமல் போனிலேயே ஓட வேண்டும். நூலின் நீளத்தை 25 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை மாற்ற ஸ்லைடர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. காற்றுத்தடை வேண்டாம். எழுத்தெல்லாம் தமிழில்."

ஹெச்டிஎம்எல் என்றால் பிரவுசரில் திறக்கும் பக்கம். இணையம் வேண்டாம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வகுப்பில் சிக்னல் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

(திரையில்: ஊசல் ஆடுகிறது)

சில நிமிடங்களில் வந்துவிட்டது, பார்க்கவும் அழகு. 10 டிகிரியில் ஆட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், யாருமே தள்ளலை, எப்படி மேல மேல போவுது?"

நல்ல கேள்வி. ஊசல் 15 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆற்றல் எங்கிருந்து வந்தது?

கோளாறு நிரலில். கணினி நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு துண்டிலும் பழைய வேகத்தை வைத்தே புது இடத்தைக் கண்டுபிடித்தால், துளித்துளியாக ஆற்றல் கூடிக்கொண்டே போகும். இதுதான் ஆய்லர் முறையின் குறை. "முதலில் வேகத்தைப் புதுப்பி, அந்தப் புது வேகத்தால் இடத்தைக் கணக்கிடு" என்று ஏஐயிடம் சொன்னேன். சரியாகிவிட்டது. ஒரே ஒரு வரியின் இடம்தான் மாறியது!

(திரையில்: நட்டு, பக்கத்தில் போன் ஸ்டாப்வாட்ச்)

அப்புறம் நட்டுக்கு வந்தோம். நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினை நிஜமாகவே எரித்துப் பார்க்கிறார்கள், கணக்கோடு நிறுத்துவதில்லை. நமக்கு நூலும் நட்டும் போதும். கம்பியிலிருந்து நட்டின் நடு வரை 1 மீட்டர்: 10 அலைவுக்குச் சுமார் 20 வினாடி (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு). 25 சென்டிமீட்டர்: 10 வினாடி. நீளம் கால்வாசி, நேரம் பாதி. திரையிலும் அதே எண்கள் வந்த பிறகுதான் கோப்பைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன்.

திரையில் ஊசல் நிற்காது, நட்டு நின்றுவிடும். அதனால் வீச்சு, அதாவது நடுவிலிருந்து விலகும் கோணம், 10 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்க எத்தனை அலைவு ஆகிறது என்று பிள்ளைகள் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண் கைக்கு வந்ததும் காற்றுத்தடையைச் சேர்க்கச் சொல்லப் போகிறோம்.