எரேமியாவின் கடிதம் யார் கைக்குப் போனது?

வணக்கம் நேயர்களே. தீர்க்கதரிசிகளை எப்படிப் படிப்பது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஏசாயாவில் தொடங்கி மல்கியா வரைக்கும் ஓடினால் உங்கள் மனதில் எதுவும் நிற்காது, அதனால் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். எரேமியா 29-ம் அதிகாரம். அதில் ஒரு வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம்.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்களே, அதில் அடிக்கடி வரும் வசனம் அது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சில வருடங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு ஜனவரி ஒன்றாம் தேதி இந்த அட்டை கிடைத்தது. அந்த ஆகஸ்டில் அவருடைய கணவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன என்னிடம், வேதாகமத்துக்குள் வைத்திருந்த அந்த அட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "ஐயா, தீமைக்கல்லன்னு போட்டிருக்கே, அப்ப இது எனக்கு இல்லையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன். அதற்கு முன்னால் நான் அதை முதல் வசனத்திலிருந்து படித்ததே இல்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முதல் வசனமே இது ஒரு கடிதம் என்று சொல்லிவிடுகிறது. எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார், பாபிலோனில் இருப்பவர்களுக்குப் போகிறது, யூதாவின் ராஜா சிதேக்கியா பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர்கள் அதைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். கடிதம் என்றால் அதற்கு ஒரு விலாசம் உண்டு, அதைப் பிரித்துப் படித்த கைகளும் உண்டு. எரேமியா எழுதியபோது நான் பிறக்கவில்லை, அந்த அக்காவும் பிறக்கவில்லை. அப்படியென்றால் அதை வாங்கிப் படித்தவர்கள் யார்?

கி.மு. 597. நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்தது. இது வேதாகமத்தில் மட்டும் இருக்கிற செய்தி இல்லை, பாபிலோனியர்களே களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபுகாத்நேச்சார் தன் ஆட்சியின் ஏழாம் வருடத்தில் யூதாவின் நகரத்தைப் பிடித்தான், ராஜாவைச் சிறைபிடித்தான், தன் மனதுக்குப் பிடித்த ஒருவனை அங்கே ராஜாவாக வைத்தான் என்று அதில் இருக்கிறது. அப்படி வைக்கப்பட்டவன்தான் சிதேக்கியா. பிடிபட்ட ராஜா யோயாக்கீன், வயது பதினெட்டு, பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம். அவனோடு அவன் தாய், பிரபுக்கள், போர்வீரர்கள், தச்சர்கள், கொல்லர்கள் எல்லாரையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று இரண்டாம் இராஜாக்கள் 24-ம் அதிகாரம் சொல்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியும் அப்படிப் போனவர்களில் ஒருவர். எவ்வளவு தூரம் என்று கேட்டால், பின்னாளில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்துசேர நான்கு மாதம் பிடித்தது, அவ்வளவு தூரம்.

ஆக, கடிதத்தை வாங்கியவர்கள் வீட்டை விட்டு, வயலை விட்டு, ஆலயத்தை விட்டு, ஒருவேளை நடக்க முடியாத பெற்றோரையும் விட்டு வந்தவர்கள். அவர்கள் மனதில் இருந்தது ஒரே கேள்விதான்: எப்போது திரும்பிப் போவோம்?

அதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. 28-ம் அதிகாரத்தில் கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருடத்தில் யோயாக்கீனும் சிறைப்பட்டுப் போனவர்களும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறார். நாம் படிக்கும்போது அனனியாவை உடனே பொய்யன் என்று ஒதுக்கிவிடுகிறோம், முடிவு நமக்கு முன்பே தெரியும் அல்லவா. ஆனால் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியாது. அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியமாகத்தான் இருந்தது. அதே பாபிலோனியப் பலகையில், நேபுகாத்நேச்சாரின் பத்தாம் வருடத்தில், அதாவது கி.மு. 595 முடிந்து 594 பிறக்கிற சமயத்தில், அவன் சொந்த நாட்டிலேயே ஒரு கலகம் வெடித்தது என்று இருக்கிறது. 27-ம் அதிகாரத்தைப் பாருங்கள், ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் தூதர்கள் எருசலேமில் கூடியிருக்கிறார்கள். பேரரசு ஆட்டம் காண்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்திருக்கும். அனனியா அந்தப் பேச்சுக்குக் கர்த்தருடைய முத்திரையைக் குத்தினார்.

அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. பாபிலோனுக்கு அடங்கி இருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மரநுகத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அனனியா சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். எரேமியாவுக்கும் அதுதானே ஆசை, அவரும் அந்த ஊர் மனிதர்தானே. அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். எரேமியா ஒன்றும் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். மரநுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் அவருக்கு வருகிறது. கையில் பதில் இல்லாமல் திரும்பி நடந்துபோன ஒரு தீர்க்கதரிசியை நான் அங்கே பார்த்தேன். அந்த அக்கா வீட்டிலிருந்து நடந்து வந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இப்போது கடிதத்துக்கு வாருங்கள். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணி வையுங்கள். பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனிடம் போய், தென்னம்பிள்ளை நடு என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. புது வீடு கட்டினவன், திராட்சத்தோட்டம் நாட்டினவன், பெண் நிச்சயித்தவன், இந்த மூன்று பேரும் யுத்தத்துக்கு வராமல் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று உபாகமம் 20-ம் அதிகாரம் சொல்கிறது. வீடு, தோட்டம், கல்யாணம் என்று அதே மூன்று, அதே வரிசையில் எரேமியாவின் கடிதத்தில் வருகிறது. கலகத்தில் சேராதே, ஆயுதம் எடுக்காதே என்று வெளிப்படையாகச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார். நியாயப்பிரமாணம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அது எட்டியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று வருகிறது. இங்கே நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர் எழுபது வருடம் கழித்து எங்கே இருப்பார்? மண்ணில்தான், அதுவும் பாபிலோன் மண்ணில். அதற்கு அடுத்த வசனம்தான் நம் அட்டையில் இருக்கிற வசனம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தையை முதலில் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. அந்த மீட்பைக் கண்ணால் பார்க்காமலே சாகப்போகிறவர்களுக்குத்தான் அது எழுதப்பட்டது.

எபிரெயத்தில் அந்த "உங்களுக்கு" பன்மை. ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு ஒருவரா பலரா என்பது தெரியாமல் போய்விடும், நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் தமிழில் வேறொரு சிக்கல் உண்டு, மரியாதைக்கும் "உங்கள்" என்றுதான் சொல்லுவோம், அதனால் அட்டையில் படிக்கும்போது கர்த்தர் என்னைத்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று தோன்றிவிடும். எபிரெயத்தில் அந்த மரியாதைப் பன்மை கிடையாது. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் கர்த்தர் தனி ஒருவரிடம் பேசினால் "நீ" என்றுதான் வரும். "உங்கள்" என்று வந்தால் அது கூட்டம், தாத்தாவும் பேத்தியும் சேர்ந்த கூட்டம். இன்னொரு சொல்லையும் பாருங்கள். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இரண்டு சொல் இருக்கிறது, அஹரீத், திக்வா. பின்வரும் காலம், நம்பிக்கை என்று சொல்லலாம். நான் எதிர்பார்த்தது எனக்குக் கிடைக்கும் என்ற வாசனை மூலத்தில் இல்லை.

இந்த "சமாதானம்" எங்கே இருக்கிறது? ஏழாம் வசனத்தில் அதற்கான எபிரெயச் சொல் ஷாலோம் மூன்று முறை வருகிறது: உங்களைக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதன் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானம் உண்டு என்று. எந்தப் பட்டணம்? தங்கள் நகரத்தைப் பிடித்தவனின் பட்டணம். பதினோராம் வசனத்தில் வருவதும் அதே ஷாலோம்தான். ஏழாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் அட்டையில் அச்சடித்தால் வார்த்தை இருக்கும், அதன் கனம் இருக்காது.

இந்தக் கடிதத்தின்படி அவர்கள் வாழ்ந்தார்களா என்று பார்க்க நமக்குச் சில ஆதாரங்கள் கிடைத்திருக்கின்றன. பாபிலோன் அரண்மனையைத் தோண்டியபோது, யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளக்க வேண்டும் என்ற கணக்குப் பலகைகள் கிடைத்தன. கி.மு. 592-ஐச் சேர்ந்த பலகையில் யூதாவின் ராஜா யோயாக்கீன் பெயர் இருக்கிறது. அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டரை சிலா எண்ணெய் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். பதினெட்டு வயதில் கொண்டுபோகப்பட்டவன், ஐந்தாறு வருடத்தில் ஐந்து பிள்ளைக்குத் தகப்பன். அதேபோல பாபிலோன் நாட்டில் அல்-யாகூது, அதாவது யூதா ஊர், என்று ஒரு கிராமமே இருந்திருக்கிறது. அங்கே எழுதிய பலகைகள் கி.மு. 572-லிருந்து தொடங்குகின்றன. பார்லி, பேரீச்சம்பழம், நிலம், கடன், குத்தகை என்று எல்லாம் அன்றாடக் கணக்கு. கர்த்தரின் பெயர் கலந்த பெயர்களோடு, பிள்ளை பேரப்பிள்ளை என்று தலைமுறைகள் அதில் வருகின்றன. தோட்டம் போட்டிருக்கிறார்கள். பழத்தைச் சாப்பிட்டும் இருக்கிறார்கள், வரியும் கட்டியிருக்கிறார்கள்.

"சரி ஐயா, இப்படியே போனால் எல்லா வசனமும் அந்தக் காலத்து மனிதர்களுக்குத்தான் என்று ஆகிவிடுமே, நமக்கு என்ன மிச்சம்?" இதை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஏசாயா 7-ஐ நினைத்துத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஒரு கன்னிகை பிள்ளை பெறுவாள், அவருக்கு இம்மானுவேல், அதாவது "தேவன் நம்மோடு", என்று பெயரிடுவாள் என்கிற அந்த வசனம் யூதாவின் ராஜா ஆகாஸிடம் சொன்னது, கி.மு. 735-ஐ ஒட்டி. தமஸ்குவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேம் மேல் படையெடுத்து வருகின்றன. ராஜாவைச் சந்திக்க ஏசாயாவைக் கர்த்தர் அனுப்பும் இடம் மேல்குளத்துத் தண்ணீர்க்கால் அருகே, முற்றுகை வந்தால் தண்ணீர் தாங்குமா என்று பார்க்கத்தான் ராஜா அங்கே வந்திருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளை நல்லது கெட்டது அறியும் முன்னே நீ பயப்படுகிற இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்பது அவனுக்குக் கொடுத்த அடையாளம். தமஸ்கு கி.மு. 732-ல் அசீரியரிடம் விழுந்தது, வட இஸ்ரவேலின் தலைநகரம் சமாரியா அதற்குப் பத்து வருடம் கழித்து. எபிரெயத்தில் இருக்கும் அல்மா என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள், கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னி என்று ஆனது, மத்தேயு அந்தக் கிரேக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயேசுவின் பிறப்பைச் சொல்கிறார். இதைச் சொன்னால் விசுவாசம் ஆடிப்போகும் என்று பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. நடுங்கிக்கொண்டிருந்த ஆகாஸுக்கு "தேவன் நம்மோடு" என்ற பெயர் என்னவாக ஒலித்தது என்று தெரிந்தவனுக்கு, மத்தேயு ஏன் அந்தப் பெயரைத் தேடி எடுத்தார் என்பது இன்னும் நன்றாகவே புரியும்.

ஆமோஸில் ஒரு சின்ன இடத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் போக மனமில்லை. எட்டாம் அதிகாரம். பழக்கூடை ஒன்றைக் காட்டி, என்ன பார்க்கிறாய் என்று கர்த்தர் கேட்கிறார். பழக்கூடை என்கிறார் ஆமோஸ். என் ஜனத்துக்கு முடிவு வந்தது என்று உடனே பதில் வருகிறது. தமிழில் படித்தால் பழத்துக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம் என்று விழிப்போம். எபிரெயத்தில் கோடைப்பழம் காயிட்ஸ், முடிவு கேட்ஸ். வட இஸ்ரவேல் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. சிலேடை என்றால் நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அறுப்பு முடிந்து பழக்கூடையோடு சந்தோஷமாக நிற்பவனின் வாயிலிருந்தே அவன் தீர்ப்பு வந்துவிடுகிறது.

மறுபடி அந்த அக்காவிடம் போனேன். இந்த முறை 27, 28, 29 மூன்று அதிகாரங்களையும் இரண்டு பேரும் மாறி மாறி சத்தமாகப் படித்தோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுபது வருடம் என்ற இடத்தில் நிறுத்தி, "அப்ப அவங்களும் பார்க்காமலேதான் போனாங்களா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது எங்க வீட்டுக்கும் வந்த கடிதம்தான்" என்றார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அட்டையில் படித்தபோது தனக்கு இல்லையோ என்று தோன்றிய அதே வசனம்தான்.

போன மாதம் போன் செய்திருந்தார். 29-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருக்கிறார். பாபிலோனிலிருந்து செமாயா என்று ஒருவர், எருசலேமில் இருக்கிற ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போடுகிறார்: இந்த எரேமியா எங்களுக்கு எழுதி, நாள் செல்லும், வீடு கட்டுங்கள் என்கிறானே, அவனை ஏன் நீ கண்டிக்காமல் விட்டிருக்கிறாய் என்று. ஆசாரியன் அதை எரேமியாவுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறார். "ஐயா, அந்த செமாயா மேல எனக்குக் கோபமே வரல, நானும் முதல்ல அப்படித்தானே கேட்டேன்" என்றார் அக்கா. அடுத்து எசேக்கியேலைத் தொடங்கலாமா என்றும் கேட்டார். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.