பால் ஊத்துற பொண்ண போய் எதுக்கு வரையணும்? – உங்க சந்தேகத்துக்கு பதில்

நெதர்லாந்துல இருக்குற டெல்ஃப்ட் ஊர பத்தியும், 1600-கள்ல அங்க வாழ்ந்த வெர்மீர்ங்கிற ஓவியர் வரைஞ்ச பால் ஊத்துற பொண்ணு படத்த பத்தியும் முன்னாடி ஒரு வீடியோ போட்டோம்ல, அதுக்கு கீழ ஒரு சகோதரி கேட்டுருக்காங்க, "சாமி இல்ல, ராஜா இல்ல, கதைன்னும் ஒண்ணும் இல்ல, ஒரு வேலைக்கார பொண்ணு பால் ஊத்திட்டு நிக்குது, இத யாரு காசு குடுத்து வாங்குனாங்க?"ன்னு. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, இந்த கேள்வியதான் எல்லாரும் கேக்கணும்.

வாங்குனது ஊர்க்காரங்கதாங்க. 1566-ல அங்க சர்ச்சுக்குள்ள பூந்து சிலை, படம் எல்லாத்தையும் அடிச்சு ஒடச்சாங்க, அப்புறம் வந்த கால்வின் வழி சர்ச்சுல, அதாவது புராட்டஸ்டண்ட் சர்ச்சுல, சாமி படமே வைக்கிறதில்ல. ஓவியருக்கு இருந்த பெரிய கஸ்டமர் போயாச்சு. ஆனா வியாபாரத்துல ஊர் பூரா காசு புழங்குது, வீட்டு சுவத்துல மாட்ட எல்லாரும் படம் வாங்குறாங்க. பீட்டர் மண்டின்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1640-ல ஆம்ஸ்டர்டாம் போயிட்டு எழுதி வச்சிருக்காரு, கறிக்கடை, பேக்கரி, கொல்லப்பட்டறைல கூட படம் தொங்குதுன்னு! வெர்மீர் 1675-ல கடனோட செத்து போனாரே, அப்ப அவர் சம்சாரம் ரொட்டி கடனுக்கு, 617 கில்டருக்கு (அந்த காலத்து டச்சு காசு), ரெண்டு படத்த குடுத்தது யார்கிட்ட? அந்த ஊர் பேக்கரிக்காரர் வான் பைட்டன்கிட்டதான். அவரும் சும்மா வாங்கி வச்சிக்கல, காச கட்டுனா திருப்பி தரேன்னு ஒத்துக்கிட்டாரு, நல்ல மனுஷன்.

சரி, இவங்க வாங்குன படம் அவங்க வாழ்ந்த வீடேவான்னு கேட்டீங்கன்னா, நான் எப்பவும் சொல்றதுதான், மறுபடியும் சொல்றேன், அது போட்டோ இல்ல. அந்த கருப்பு வெள்ளை மார்பிள் தரை ஞாபகம் இருக்கா, படத்துக்கு படம் வரும், நெஜத்துல அந்த காலத்து டச்சு வீட்ல அது ரொம்ப அபூர்வம், நெறைய வீட்ல மரப்பலகைதான். இந்த பால் படத்தையே எடுங்க, ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும், அது இருக்குற ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துல ஸ்கேன் பண்ணி 2022-ல சொன்னாங்க, அந்த பொண்ணு தலைக்கு பின்னாடி வெர்மீர் மொதல்ல குடுவை எல்லாம் மாட்டுற ஸ்டாண்டு ஒண்ணு போட்டுருக்காரு, கீழ ஒரு கூடை, ரெண்டையும் அவரே அழிச்சிட்டாரு. அழிச்சிட்டு வெறும் சுவரு. ஆனா அந்த வெறும் சுவத்துல ஒரு ஆணிய வரைஞ்சு அதுக்கு நெழலும் வரைஞ்சிருக்காரு பாருங்க, எனக்கு அத பாத்தா சிலிர்க்கும். சாமான எடுத்தாரு, ஆணிய விட்டாரு. அப்ப எத வைக்கணும் எத எடுக்கணும்னு ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணிருக்காரு, அதான் சொல்றேன் போட்டோ இல்லன்னு. அதே காலத்து டச்சு ஓவியர் பீட்டர் டி ஹோக் படத்துலயும் இதேதான், அம்மா புள்ளைக்கு பேன் பாக்குறாங்க, பின் ரூம்ல வெயில் அடிக்குது, ஒரு நாய்க்குட்டி உக்காந்துருக்கு, எல்லாமே யோசிச்சு வச்சது.

ஆனா சகோதரி, யாரு வாங்குனாங்கன்னு கேட்டீங்க, வீட்டு வேலை செஞ்ச பொம்பளைங்க பார்வையில இருந்து யாராச்சும் வரைஞ்சாங்களான்னு கேட்டுருந்தீங்கன்னா நான் இன்னும் ரெண்டு மணி நேரம் பேசுவேன். ஏன்னா ஒருத்தங்க இருக்காங்க. கெர்த்ராய்ட் ரோக்மன், 1625-ல ஆம்ஸ்டர்டாம்ல பொறந்தவங்க, தகட்டுல படத்த செதுக்கி பேப்பர்ல அச்சு போடுறவங்க, அப்பாவும் அதே வேலைதான். பொம்பளைங்க வீட்டு வேலை பாக்குறத வச்சு அஞ்சு அச்சுப்படம் பண்ணாங்க, தைக்கிறது, நூல் நூக்கிறது, சமைக்கிறது இப்படி, வெர்மீரோட பால் படத்துக்கு முன்னாடியே. அதுல பாத்திரம் தேய்க்கிற அம்மா நமக்கு முதுக காட்டிக்கிட்டு குனிஞ்சு தேய்க்கிறாங்க, சுத்தி பானையும் சட்டியுமா கெடக்கு, மொகமே தெரியாது. அழகா இருக்காங்களா, சிரிக்கிறாங்களா, நம்மள பாக்குறாங்களா, ஒண்ணும் கெடையாது, வேலை மட்டும்தான் நடக்குது. கலர் இல்ல, லைட்டு வர ஜன்னல காட்டி மயக்குற வேலையும் இல்ல. என்னைய கேட்டா இந்த மாதிரி வீட்டு வாழ்க்கைய காட்டுற படங்க மொத்தத்துலயும் நேர்மையான படம் அதுதான், வெர்மீர எனக்கு எவ்ளோ புடிக்கும்னு உங்களுக்கே தெரியும், இருந்தும் சொல்றேன்.

அந்த அச்சுப்படங்க ரைக்ஸ் மியூசியம் வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு, பெருசு பண்ணி பாருங்க, பாத்துட்டு அந்த முதுகு காட்டுற அம்மா எந்தெந்த பாத்திரம் தேய்ச்சு முடிச்சிருக்காங்க எது இன்னும் பாக்கின்னு கீழ எழுதுங்க, அத வச்சே தனியா ஒரு வீடியோ பண்ணலாம்.